விளங்காமல் பேனையைத் தொடாதேங்கோ

ஓர்லிகோன் புகையிரத நிலையத்தில் இறங்கி, தண்டவாளங்களுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையால் மறுபக்கம் ஏறினால் ஒரு தமிழ்க் கடை வரும். முருங்கைக்காய்ப் பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் தாண்டினால் கடையின் பின்பக்கத்தில் நிலவறைக்கு இறங்கும் பன்னிரண்டு படிகள். படிகள் முடிகிற இடத்தில் ஒரு வானொலி நிலையம் இருந்தது.

நான் அங்கே முதன்முதல் இறங்கியது 2009ஆம் ஆண்டு முடிகிற நாட்களில், அறை தேடி ஒரு விளம்பரம் கொடுப்பதற்காக. அதற்கு முன் பாசலில் இரண்டு வருடம், லோசானில் நான்கு வருடம். எந்த ஊரிலும் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குகிற அளவுக்கு நான் தங்கியதில்லை. பாசலில் ட்ராமின் மணி என்னைத் துரத்தியது. லோசானில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வெள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து ஏரியைப் பார்த்தேன். அதுவும் யாரோ மடிக்கவேண்டிய துணிபோலக் கிடந்தது. அடுத்த கிழமை ரயில் ஏறிவிட்டேன்.

நிலவறையில் ஒரு மேசை, ஒரு கணினி, பழைய காலுறை சுற்றிய ஒரு மைக். சுவரெல்லாம் எதிரொலியை அடக்க ஒட்டிய முட்டை அட்டைகள். நடுவில் ஒரு மனிதர், விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை முடித்து வந்த வெள்ளைச் சீருடையோடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். என் விளம்பரத்தை வாங்கி வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"தங்கச்சி, அறை தேடுற விளம்பரத்துக்கு இவ்வளவு வடிவு தேவையில்லை. இதைக் கேட்டா வீட்டுக்காரன் அழுதுபோட்டு அறையைத் தர மறந்திடுவான்."

"அப்ப எப்பிடி எழுதிறது அண்ணை?"

"எழுதவேண்டாம். அறையை நான் பாத்துத் தாறன். நீர் சனிக்கிழமையிலை இஞ்சை வாரும். அரை மணித்தியாலம் தாறன். விரும்பினதை வாசியும்."

அறையும் கிடைத்தது, அரை மணித்தியாலமும் கிடைத்தது. அவருடைய பெயர் அட்டையில் 'தலைவர், ஊடகக் குழுமம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. குழுமம் என்பது இந்த இணைய வானொலியும், கலியாண வீடியோ எடுக்கிற ஒரு கமெராவும், மாதத்துக்கொருமுறை கடைகளில் இலவசமாக வைக்கிற எட்டுப் பக்க விளம்பரப் பத்திரிகையும். ஊழியர்கள் என்றால் அவர். அந்தச் சனிக்கிழமையிலிருந்து நானும்.

அந்த வருடத்து மே மாதம், ஊரில் போர் முடியும் வரைக்கும் அந்த நிலவறை இரவு பகலாகச் செய்தி சொல்லியிருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு சனத்துக்குச் செய்தி கேட்கிற காது இல்லாமல் போயிற்று. அவருக்கும் சொல்கிற வாய் இல்லாமல் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது பழைய பாட்டுகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அவர் மைக்கைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். கனடாவிலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, லைன் கட்டோ?" என்று கேட்ட பிறகுதான் நிமிருவார்.

அவரை மறுபடி பேசவைத்தது ஓர் உடுப்புத் தோய்க்கிற இயந்திரம்.

இந்த நாட்டின் அடுக்குமாடிகளில் அந்த இயந்திரம் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். வீட்டுக்கு ஒரு நாள். உங்கள் நாள் புதன்கிழமை என்றால் புதன்கிழமைதான். அதை மாற்றுவது சாதகத்தில் கிரகத்தை மாற்றுவதுபோல. மாசி மாதத்தில் ஒருநாள், படிகளில் ஒரு அக்கா இறங்கி வந்தா. ஒரு கையில் மட்டன் ரோல்ஸ் தட்டம், மற்றக் கையில் ஒரு கடிதம். கடைக்கு ரோல்ஸ் போடுகிறவ என்பதால் எல்லோரும் அவவை ரோல்ஸ் அக்கா என்றுதான் சொல்வோம்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ. உடுப்புத் தோய்க்கிற நாளை மாத்தித் தரச்சொல்லி வீட்டு நிர்வாகத்திட்டைக் கேட்டனான். அவங்கள் ஒரு கடதாசி அனுப்பினவங்கள். கையெழுத்து வைச்சு அனுப்பினனான். இப்ப இது வந்திருக்கு."

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"நீர் தோய்க்கிற நாளை மாத்தேல்லை. வீட்டை விடுறன் எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறீர்."

"என்ன விசர்க்கதை. நான் ஏன் வீட்டை விடுறன்?"

"கையெழுத்து உம்முடையதுதானே?"

அக்கா தட்டத்தைக் கணினிக்கு மேலேயே வைத்துவிட்டுப் படியில் இருந்துவிட்டா. அடுத்தநாள் அவர் லீவு போட்டுக்கொண்டு அவவோடு வீட்டு நிர்வாகத்துக்குப் போனார். அதற்குப் பிறகு இரண்டு முறை போனார், மூன்று கடிதம் எழுதினார். வீடு அவவுக்கே திரும்பக் கிடைத்தது. தோய்க்கிற நாளும் கேட்டபடி திங்கட்கிழமைக்கு மாறியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை என் அரை மணித்தியாலத்தில் பத்து நிமிடத்தை வாங்கி, பெயர் சொல்லாமல் இந்தக் கதையை வானொலியில் சொன்னார். கடைசியில் சொன்னார்: "விளங்காமல் பேனையைத் தொடாதேங்கோ. முதல்லை வாசிப்பியுங்கோ. வாசிக்க ஆளில்லாட்டி எனக்கு எடுங்கோ."

எடுத்தார்கள். அன்று பின்னேரம் முழுக்க, அடுத்த கிழமை முழுக்க. பாடசாலைக் கடிதம், விசாக் கடிதம், காப்புறுதிக் கடிதம். ஜேர்மன் தெரியாதவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் இந்தப் பக்கத்தில் எழுதி, வாசித்து, விளக்கினார். 'கடித நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி பிறந்தது. அகதியாய் வந்த நாளிலிருந்து கடிதப்பெட்டியைத் திறக்கவே பயந்த ஒரு சனத்துக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் படிகளில்தான் தெரிந்தது. இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொரு படியாகப் பிடித்து வருவார்கள். ஏறிப்போகிறபோது இரண்டிரண்டாகப் போவார்கள்.

அவருடைய அந்த வசனத்தை நான் தனியாகப் பதிவுசெய்து, எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் தானாக ஒலிக்கும்படி கணினியில் போட்டேன். பிறகு நாங்கள் இருவரும் அதை மறந்தே போனோம். தினமும் கேட்கிற ரயில் சத்தம்போல அது ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது கால்பந்து.

ஓர்லிகோனிலிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி, அவர் குடியிருந்த சிற்றூரில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். அதற்கு ஒரு பழைய கழகம். அங்கே விளையாடியவர்களில் பாதிப்பேர் எங்கள் சனத்தின் பிள்ளைகள். மற்றப் பாதிக்கு ஆள் சேராமல் கழகத்தை மூடப்போவதாகக் கதை அடிபட்டது. அந்த நாட்களில் ரயிலில் கிடைக்கும் இலவசப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு அவர் நிலவறைக்கு ஓடி வந்தார். இந்தோனேசியாவில் வானொலியும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் வைத்திருக்கிற ஒருவர் ஐரோப்பாவின் பெரிய கழகம் ஒன்றை வாங்கியிருந்தார். படத்தில் கழுத்தைச் சுற்றிக் கழகத்தின் சால்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீரோ? உவரும் றேடியோக்காரன். நானும் றேடியோக்காரன்."

"அவரிட்டைத் தொலைக்காட்சியும் இருக்கு அண்ணை."

"எங்களிட்டைக் கலியாண வீடியோ இருக்குத்தானே?"

ரோல்ஸ் கொண்டுவந்த அக்கா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தா. "மூக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். மற்றும்படி அச்சு அசல். வாங்கோ இந்தோனேசியா, ரோல்ஸ் சாப்பிடுங்கோ."

அன்றிலிருந்து அவர் இந்தோனேசியா. கடைக்காரர் சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள், கனடாவிலிருந்து பாட்டுக் கேட்கிறவர்களும் சொன்னார்கள். அவர் கோபிக்கவில்லை. படத்தை முட்டை அட்டைக்கு மேல் ஒட்டி, தானும் ஒரு சால்வை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கழகத்தை வாங்கப் போனார். நானும் கூடப்போனேன்.

கழகத்தின் மரக்குடிலில் பொருளாளர் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் தாடையைத் தடவியபடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது ஃபெராயின். அங்கத்தவர்களின் சங்கம். இதை யாரும் விற்க முடியாது, யாரும் வாங்கவும் முடியாது. ஆனால் தலைவர் பதவி மூன்று வருடமாகக் காலியாக இருக்கிறது."

அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். போட்டியிட வேறு ஒருவரும் இல்லை. கைதட்டல் அடங்கியதும் பொருளாளர் ஒரு பெரிய நீலப் பையைத் தூக்கி வந்து புதிய தலைவரின் கையில் கொடுத்தார். அதற்குள் பதினாறு ஜேர்சி, பதினாறு காற்சட்டை, எண்ணமுடியாத காலுறை. எல்லாம் சேறு.

"தலைவர்தான் தோய்க்கிறவர்," என்றார் பொருளாளர். "எப்போதும் அப்படித்தான்."

வாங்கப் போனவர் தோய்க்க வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அவருடைய வீட்டுக்குத் தோய்க்கிற நாள் வியாழக்கிழமை. நான்கு நாட்கள் அந்தப் பை வீட்டில் இருக்க மனைவி விடவில்லை. எங்கள் நிலவறைக்கு வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிகழ்ச்சி வாசித்தேன். மூன்றாவது கிழமை அக்கா படியில் நின்றபடியே சொன்னா:

"இந்தோனேசியா, இந்த நாத்தத்திலை என்ரை ரோல்ஸும் நாறும். என்ரை திங்கட்கிழமையை எடுங்கோ. பையை ஞாயிறு பின்னேரம் கொண்டந்து தாங்கோ."

இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவருக்குத் தன் தோய்க்கிற நாளைக் கொடுக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய அன்பை நான் இங்கே இன்னும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், அக்காவின் நான்காம் மாடி பல்கனியில் செவ்வாய்க்கிழமைகளில் பதினாறு சிவப்பு ஜேர்சிகள் ஆடிக்கொண்டிருந்தன. ரயிலில் போகும்போது அவற்றைப் பார்ப்பேன். நான் திரைச்சீலை வாங்கியது அந்த வருடம்.

கழகம் மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. அதற்குக் கீழே போக இடமும் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் கூடினார்கள். அவர் ஆட்டங்களை வானொலியில் நேர்முக வர்ணனை செய்தார். இந்த நாட்டின் கடைசிப் பிரிவு ஆட்டம் ஒன்றை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சமையலறைகளில் இருந்து கேட்டார்கள். "பந்து இப்ப ரயில் பாதைக்கு அங்காலை போட்டுது. எடுக்கப் போயிருக்கினம். அதுக்கிடையிலை ஒரு சின்ன விளம்பரம்."

கொரோனாவுக்கு முந்திய வருடத்தில் ஒரு பின்னேரம் அவர் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். அந்த இந்தோனேசியாக்காரர் தன் நாட்டில் அரசியலுக்கு வந்து அமைச்சராகிவிட்டாராம்.

"கூடாது அண்ணை," என்றேன் நான், அவர் வாய் திறக்க முதல்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

அப்போது அவர் உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆசை அந்தப் படத்தோடு சுவரிலேயே இருந்திருக்கும். ஊராட்சியிலிருந்து கழகத்துக்கு ஒரு கடிதம் வந்த பிறகுதான் அது இறங்கி நடந்தது. ஊரில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், தற்காலிகப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று வேண்டும், அதை வைக்க மைதானத்தை எடுக்க யோசிக்கிறோம் என்று எழுதியிருந்தது. எத்தனையோ பேருக்குக் கடிதம் வாசித்தவர், அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினார். மைதானம் போனால் கழகம் பக்கத்து ஊரோடு சேரவேண்டும். பக்கத்து ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எங்கள் சனத்துக்கு நேரமில்லை. பின்னேரங்களில் எல்லோரும் வேலையில். கழகம் கலைந்துவிடும்.

"சபையிலை ஒரு கதிரை இருந்தாக் காணும்," என்றார். "பள்ளிக்கூடம் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். எங்கடை பிள்ளையளும் படிக்கிற பள்ளிக்கூடம்தான். வேறை இடத்திலை வையுங்கோ எண்டு சொல்ல ஒரு கதிரை."

ஒரு கட்சி அவரைத் தன் பட்டியலில் சேர்த்தது, கடைசிக்கு முதல் ஆளாக. அப்படிக் கீழே இருக்கிறவர் மேலே வர இங்கே ஒரு வழி உண்டு: வேட்பாளர் பட்டியலில் ஒரு பெயரை வெட்டிவிட்டு, தனக்கு விருப்பமான பெயரை இரண்டாவது முறையும் எழுதலாம். அந்த ஊரில் பிரஜாவுரிமை எடுத்த தமிழர் எல்லோரும் அவருடைய பெயரை இரண்டுமுறை எழுதினால் கதிரை கிடைக்கும். எல்லோரும் எழுதுவோம் என்றார்கள். அதே ஊரில் குடியிருந்த ரோல்ஸ் அக்காவுக்கு அது முதல் வாக்கு. பிரஜாவுரிமை விண்ணப்பத்தையும் அவர் முழுக்க வாசித்து விளக்கிய பிறகுதான் அவ கையெழுத்து வைத்தவ.

எப்படி வாக்களிப்பது என்று விளக்க நான் ஒரு நிகழ்ச்சி தயாரித்தேன். தபாலில் வருகிற கவரைக் கவனமாகத் திறவுங்கோ. பட்டியலில் பெயரை இரண்டுமுறை எழுதிச் சின்னக் கவருக்குள் வையுங்கோ. கூட வருகிற வாக்காளர் அட்டையில் கட்டாயம் கையெழுத்து வையுங்கோ, கையெழுத்து இல்லாத வாக்கு செல்லாது. இரண்டையும் பெரிய கவருக்குள் போட்டு அனுப்புங்கோ. மூன்று கிழமை, காலையும் பின்னேரமும், என் குரலில். சந்தம்கூடச் சேர்த்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த நாட்களில் அவரைப் பிடிக்க முடியவில்லை. சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார், நிலையத்தில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார், கட்சிக் கூட்டங்களில் ஜேர்மனில் பேசினார். கடித நேரத்தை நான் செய்தேன். என் ஜேர்மன் அரைகுறை. பலர் என் குரலைக் கேட்டதும், "அண்ணை வரட்டும், பேந்து எடுக்கிறம்," என்று வைத்துவிடுவார்கள்.

பனி கரைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. பட்டியலின் அடியில் இருந்தவர் எத்தனையோ பேரைத் தாண்டி மேலே வந்திருந்தார். ஆனால் கதிரை கிடைத்த கடைசி ஆளுக்கும் அவருக்கும் நடுவில் சின்ன இடைவெளி, ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிற சனத்தின் அளவு. வாக்கெண்ணிய மண்டபத்தின் வாசலில் ஓர் அலுவலர் ஆறுதலாகச் சொன்னார்: இந்தமுறை கையெழுத்தில்லாத அட்டைகளோடு வந்த கவர்கள் வழக்கத்தைவிட அதிகமாம். அவை யாருக்கு விழுந்த வாக்குகள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது.

நாங்கள் நேரே மைதானத்துக்குப் போனோம். அன்று ஆட்டம் இல்லை. ஆனாலும் சனம் அங்கே வந்திருந்தது, அக்காவும் தட்டத்தோடு. பொருளாளர் குடிலைத் திறந்து கோப்பி போட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

"நான் ரெண்டுதரம் எழுதினனான் இந்தோனேசியா," என்றா அக்கா. "வடிவாய், பெட்டி எழுத்திலை."

"எனக்குத் தெரியும்."

"கவருக்குள்ளை வைச்சு, நக்கி ஒட்டி, நானே கொண்டுபோய்ப் போட்டனான்."

அவர் ரோல்ஸைக் கடித்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "வாக்காளர் அட்டையிலை கையெழுத்து வைச்சனீங்கள்தானே அக்கா?"

அக்கா என்னை ஒரு சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. "நான் என்ன விசரியே? வாசிக்காத கடதாசிக்கு நான் கையெழுத்து வைப்பனே?"

ரோல்ஸ் சாப்பிட்டவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அக்கா தொடர்ந்தா:

"நீர் றேடியோவிலை வை எண்டு சொன்னீர், கேட்டனான். உடனை அவர் வந்து விளங்காமல் பேனையைத் தொடாதேங்கோ எண்டார். நீர் வை எண்டுறீர், அவர் வைக்காதை எண்டுறார். எனக்கு அந்த அட்டை விளங்கேல்லை. வாசிப்பிக்க அவருக்கு எடுத்தன், எந்த நேரமும் எங்கேஜ். ரெண்டிலை ஆரை நம்பிறது? வீடு காப்பாத்தித் தந்த மனுசனைத்தானே நம்பவேணும்?"

"நாங்களும் வைக்கேல்லை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அக்காவிட்டைக் கேட்டனாங்கள். தொடாதை எண்டா." இன்னொருவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வசனம். எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் தானாக ஒலிக்கும்படி நான் போட்ட வசனம். மூன்று கிழமை, காலையும் பின்னேரமும், என் சந்தத்துக்குப் பின்னால் அவருடைய குரல் வந்து அதை அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒருமுறையாவது நிகழ்ச்சியை முடிவுவரைக்கும் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. என் பகுதி முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவது என் பழக்கம்.

"நான்தான் அண்ணை," என்றேன். "அதை எடுத்துவிட மறந்திட்டன்."

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பொருளாளர் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் வர, சால்வையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"அப்ப என்ரை தேர்தலிலை என்னைத் தோக்கடிச்சது நான்தான்."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டத்தைக் கீழே வைத்தா. "ஐயோ, என்ரை வாக்குச் செல்லாதோ?"

"செல்லாது."

"அப்ப நீங்கள் என்னாலைதான்..."

"உம்மிலை பிழையில்லை. வாசிச்சுத் தாறன் எண்டு சொன்னவன் நான். ஃபோனை எடுக்காமல் ஊர் சுத்தினவனும் நான்."

நிலவறைக்குத் திரும்பிவரும் ரயிலில் நான் கேட்டேன், அந்த வசனத்தைக் கணினியிலிருந்து அழித்துவிடட்டுமா என்று. அக்காவின் பல்கனி கடந்துபோகும் வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். சரியான வசனம்தான். அதைக் கேட்டு நடந்த சனத்திலை என்ன குற்றம்?"

தோல்விக்குப் பிறகும் மைதானத்தின் பிரச்சினை அப்படியே இருந்தது. வழி சொன்னது பொருளாளர். மனு ஒன்று எழுதிச் சபைக்குக் கொடுக்கலாம். அதில் கையெழுத்து வைக்கப் பிரஜையாக இருக்கத் தேவையில்லை, இந்த ஊரில் இருந்தால் போதும். கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் மனுவை ஜேர்மனில் எழுதினார், நான் தமிழில் எழுதினேன். இந்தமுறை சந்தம் இல்லாமல். மைதானத்தை விடுங்கள், பக்கத்திலுள்ள வாகனத் தரிப்பிடத்தில் பள்ளிக்கூடத்தை வையுங்கள் என்பதுதான் சாரம். தேர்தலில் செய்ததுபோல அவர் வாசல் வாசலாக ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு உட்கார்ந்தார். வருகிறவரை எதிர்க் கதிரையில் இருத்தி, முழுவதையும் வாசித்து, கேள்வி கேட்கவைத்து, பிறகுதான் பேனையை நீட்டினார். ஒரு ஆளுக்குக் கால் மணித்தியாலம். வரிசை கோல் கம்பம் வரைக்கும் நீண்டது.

அக்காவின் முறை வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் குடை பிடித்தேன்.

"வாசியுங்கோ."

அவர் வாசித்தார்.

"உதென்ன, 'மதிப்புக்குரிய' எண்டு போட்டிருக்கிறியள்? மைதானத்தைப் பறிக்கிற ஆக்களுக்கு என்ன மதிப்பு?"

"அது அப்பிடித்தான் எழுதிறது."

"சரி, பேந்து?"

"பேந்து, வாகனம் விடுற இடத்திலை வையுங்கோ எண்டு."

"ஓம், அது நல்லது. அதை ஒருக்காத் திருப்பி வாசியுங்கோ."

பின்னால் ஒருவர், "அக்கா, கெதியா, மழை வருது," என்றார். அக்கா திரும்பாமலே, "நனையுங்கோ," என்றா. இரண்டாம் முறையும் கடைசிச் சொல்வரைக்கும் கேட்ட பிறகு பேனையை வாங்கி, பெயரைத் தமிழில் எழுதி, அதற்குக் கீழே லத்தீன் எழுத்தில் ஒருமுறை எழுதினா.

"ரெண்டுதரம் எழுதியிருக்கிறன். காணுமோ?"

"இதுக்கு ஒருதரம் எழுதினாக் காணும்."

"கிடக்கட்டும். மற்றது, அண்டைக்குச் செல்லாமல் போனதுக்கு."

இலையுதிர்காலத்தில் சபை கூடியது. அவருக்குக் கதிரை கிடைத்திருந்தால் எங்கே இருந்திருப்பாரோ, அதற்கு நேர்மேலே பார்வையாளர் வரிசையில், கழுத்தில் சால்வையோடு இருந்தார். பள்ளிக்கூடம் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனது. மைதானம் நின்றது.

தரிப்பிடம் போனதால் இப்போது மைதானத்துக்கு வண்டியில் வர வழியில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து புதிய பள்ளிக்கூடத்தைச் சுற்றி மேடேறி நடக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் குடிலின் வாசலில் நின்றபோது அக்கா அந்த மேட்டில் வந்துகொண்டிருந்தா, இரண்டு கையிலும் ரோல்ஸ் தட்டம், மூச்சு வாங்க. அவர் வர்ணனையைப் பாதியில் விட்டு, மைக்கை என் கையில் தந்துவிட்டு எதிரே ஓடினார். மைக் திறந்திருந்தது, ரொறன்ரோவும் லண்டனும் கேட்டுக்கொண்டிருந்தன.

"இந்தோனேசியா, உங்கடை கடதாசிக்குக் கையெழுத்து வைச்சு நான் பட்ட பாட்டைப் பாத்தியளே? முந்திக் காரிலை வாசலிலை வந்து இறங்கினனான்!"

"வாசிச்சுத்தானே காட்டினனான்? வாகனம் விடுற இடம் எண்டு ரெண்டுதரம் வாசிச்சனான்."

"வாசிச்சனீங்கள், எனக்கு விளங்கினதுதான். ஆனா மேடு எண்டு எங்கையாவது வாசிச்சனீங்களே?"

அவர் தட்டங்களை வாங்கிக்கொண்டார். மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் பந்தை ரயில் பாதைக்கு அங்காலே அடித்துவிட்டிருந்தார்கள். நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், பந்து எடுக்கப் போயிருக்கினம், அதுக்கிடையிலை ஒரு சின்ன விளம்பரம் என்று சொன்னேன்.